முப்பது கோட்டுக்கு அறுபது கை

விராலிமலை
8-12-2025

ஹஃப்சாவுக்கு வனிதா எழுதுவது.

போனில் என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று மாதம் ஆகிறது. செவந்தியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். தபால்காரரை எப்படி பிளாக் செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

சண்டை போட எழுதவில்லை. ஒரு வேலை இருக்கிறது. பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து விளையாட்டு ஆசிரியர் விக்ரம் சார் நம் சட்டைக் கம்பெனிக்கு வந்திருந்தார். அவர் பழக்கிய பேண்டு வாத்தியக் குழுவுக்குப் புதுக்கோட்டையில் குடியரசு தின அணிவகுப்பில் நடக்க முதல் தடவையாக வாய்ப்பு வந்திருக்கிறது. முப்பது பிள்ளைகள். டிரம் இருக்கிறது, ஊதல் இருக்கிறது, போட்டுக்கொள்ளக் கோட்டு இல்லை. வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் கல்யாண பேண்டுக்காரர்கள் அளவு. பிள்ளைகள் போட்டால் முழங்காலுக்கு வருகிறதாம். அவர் பேசி முடிப்பதற்குள் நம் கட்டிங் திருப்பதி அண்ணன் "நாங்க தச்சுத் தாரோம் சார்" என்று சொல்லிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாம் அதைத்தான் சொல்லியிருப்போம்.

இரண்டு வருஷமாக நம் தையல் வரிசை 'லைன் நாலு', மாதம் இரண்டு ஞாயிறு கூலி வாங்காமல் வந்து தைக்கிறதே, அங்கன்வாடிக்குத் திரைச்சீலை, முதியோர் இல்லத்துக்குத் தலையணை உறை என்று. அதெல்லாம் நேர்த்தையல். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம். இது கை வைத்த கோட்டு. நம் சங்கதி உனக்குத் தெரியும். குணசேகரன் அண்ணன் ஏழு வருஷமாகக் காலர் மட்டும், செவந்தி காஜாவும் பட்டனும் மட்டும், லைன் இன்சார்ஜ் ஆகும்வரை நான் கை நுனியில் வரும் கஃப் பட்டி மட்டும், நீ கை மட்டும். லட்சம் சட்டை தைத்திருப்போம். நம்மில் ஒருவர்கூட ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை. நீ வேலையை விட்டுப் போனபிறகு உன் மெஷினுக்கு வந்த பெண் பதினைந்து நாளில் நின்றுவிட்டாள். இப்போது கை பக்கத்து லைனில் தைத்து வருகிறது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்கள்.

மேனேஜர் சார் ஷெட்டைத் திறந்துவிடுகிறார். மீந்த கருநீலத் துணியையும் தந்துவிட்டார். சரியாக முப்பது கோட்டுக்குத்தான் வரும்.

நாலு ஞாயிறு மட்டும் வந்துபோ. நடந்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

வனிதா


கோட்டைப்பட்டினம்
12-12-2025

லைன் நாலு இன்சார்ஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் நல்ல மனிதர், அவரை பிளாக் செய்ய மனம் வரவில்லை.

நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எங்கே வைப்பது என்றும் எழுதியிருக்கலாம். செப்டம்பரில் இருநூற்று இருபது சட்டை திரும்பி வந்தது. உடம்பு ஒரு நீலம், கை வேறொரு நீலம். நாற்பது பேர் நிற்கிறார்கள், மேனேஜர் சார் நிற்கிறார். "கை ஹஃப்சாதான் சார் வச்சது" என்றீர்கள். உண்மைதான், வைத்தது நான்தான். ஆனால் எந்த உடம்புக்கு எந்தக் கை என்று நம்பர் ஒட்டிக் கட்டுக் கட்டாக அனுப்புவது யார் வேலை? அந்தச் சட்டைகளைத் தைத்த அன்று காலை ஒரு கட்டில் நம்பர் ஸ்டிக்கர் எல்லாம் உதிர்ந்துபோய், யாரோ அவசரத்தில் குத்துமதிப்பாகப் புதிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். பச்சை மையில். லைனில் பச்சைப் பேனா வைத்திருப்பவர் ஒருவர்தான்.

எனக்கு அப்போதே தெரியும். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். நீங்களே சொல்வீர்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் மணி அடித்த பிறகும் மெஷினை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு போய்விட்டீர்கள். தப்பு யாருக்கும் வரும். அந்த டிபன் பாக்ஸைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், புர்கா என்று வேலை வருகிறது. அதட்ட ஆள் இல்லை, நிம்மதிதான். பேசவும் ஆள் இல்லை. பத்தரைக்கு மணி அடிக்காத வீட்டில் டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

நான் வர மாட்டேன். பிள்ளைகளுக்காக துஆ செய்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், அவர்கள் பாவம் என்பதால். என்ன ஆனாலும் கை வைக்க குணசேகரன் அண்ணனை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

ஹஃப்சா


விராலிமலை
15-12-2025

ஹஃப்சா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. குணசேகரன் அண்ணன் நேற்றே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு கோட்டுக்குக் கை வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஹேங்கரில் இருக்கும்வரை. விக்ரம் சார் தாரணி என்ற பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். எட்டாம் வகுப்பு. குழுவுக்கு முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு நடப்பவள் அவள்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு கோலைத் தூக்கினாள். கோட்டும் கூடவே எழுந்து வந்து, காலர் காதுக்கு மேலே நின்றது. முகம் பாதிதான் தெரிகிறது. உள்ளேயிருந்து, "அக்கா, கை மேல போக மாட்டேங்குதுக்கா. கீழயே வச்சு சுத்தட்டா?" என்கிறாள். செவந்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு கோட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது.

கை வளைவில் துணி மிச்சமாக நின்றதாம். அதைக் கத்தரித்துவிட்டிருக்கிறார். "காலர்ல மிச்சம் நின்னா வெட்டத்தானே செய்யுறோம்? அதே மாரிதான இதுவும்னு வெட்டிட்டேன்" என்கிறார். ஆறு கோட்டிலும், இரண்டு பக்கமும். இனித் துணி கிடையாது. இருபத்து நாலு பிள்ளைகள் நடப்பார்கள், ஆறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். தாரணி போட்டுப் பார்த்ததும் அந்த ஆறில் ஒன்று. விக்ரம் சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. குணசேகரன் அண்ணன் மத்தியானம் சாப்பிடவே இல்லை.

நீ எழுதியிருந்த மற்ற விஷயத்துக்கு மூன்று தடவை பதில் எழுத ஆரம்பித்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். அது நேரில் பேச வேண்டிய விஷயம். நீயும் நானும் மட்டும்.

வனிதா


கோட்டைப்பட்டினம்
19-12-2025

வனிதாக்காவுக்கு,

இந்தக் கடிதம் கோட்டுப் பையில் இருக்கும். நீங்கள்தான் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்னடி, பேய் புடிச்ச மாரி தனியா சிரிக்கிறே?" என்றார்கள். பிறகு குணசேகரன் அண்ணன் சாப்பிடாத இடத்தைப் படித்தேன். உடனே செவந்திக்குப் போன் செய்து ஒரு கோட்டைப் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். நேற்று வந்தது.

கை வளைவு எப்போதும் உடம்பின் வளைவைவிடக் கொஞ்சம் பெரியதாகத்தான் இருக்கும். அந்த மிச்சத்தை வெட்டக் கூடாது, விரலால் தள்ளித் தள்ளி உள்ளே அமுக்கித் தைக்க வேண்டும். அந்த மிச்சத்தில்தான் கை மேலே போகிறது. இதை நான் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் என் மேலும் தப்பு இருக்கிறது.

இந்தக் கோட்டைச் சரி செய்துவிட்டேன். திருப்பதி அண்ணன் கீழ்மடிப்புக்கு இரண்டு இஞ்ச் விட்டிருக்கிறார், அவருக்கு நல்லது நடக்கட்டும். மடிப்பைச் சிறிதாக்கி, அந்தத் துணியை வெட்டி அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்திருக்கிறேன். வெளியில் தெரியாது. தாரணிக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற ஐந்தும் இதே மாதிரி பிழைக்கும்.

ஆனால் இருபத்து நாலு கோட்டுக்குக் கடிதம் எழுதிக் கை வைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். எனக்கு வர ஆசைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நிறம் மாற்றித் தைத்தவள் என்ற பெயரோடு அந்த கேட்டுக்குள் நுழைய மாட்டேன். நாற்பது பேர் முன்னால் சொன்னதை நாற்பது பேர் முன்னாலேயே மாற்றிச் சொல்லுங்கள். நீயும் நானும் மட்டும் என்பது எனக்கு வேண்டாம்.

ஹஃப்சா


விராலிமலை
30-12-2025

ஹஃப்சா,

பதினோரு நாள் ஆகிவிட்டது. பிடிவாதம் இல்லை, பயம். அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

உனக்குத் தெரியும், நான் இந்தக் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டுகிற ஹெல்பராக வந்தவள். இன்சார்ஜ் ஆனது போன வருஷம்தான். எங்கள் அப்பா இருக்கிறாரே, டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "எம்மக இன்சார்ஜு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கு மேனேஜர் சார் சட்டைகளை மேஜையில் கொட்டியபோது உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பச்சை மையை உனக்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். வாயில் என் பெயர்தான் வந்திருக்க வேண்டும். உன் பெயர் வந்தது. அதன்பிறகு திருப்பிச் சொல்ல ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

தாரணிக்கு நீ அனுப்பிய கோட்டைப் போட்டோம். கையைத் தூக்கினாள். போனது. கோலை வீசிப் பிடித்துவிட்டு, "இத யாருக்கா தச்சது?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி அவளுடையது, ஆனால் எனக்கு வேறு எதையோ கேட்ட மாதிரி இருந்தது. இரண்டு ஞாயிறு போயும் மற்ற கோட்டெல்லாம் தைக்காமல் வெட்டிய துண்டாகவே கிடக்கின்றன.

நேற்று பத்தரை டீக்கு மணி அடித்ததும், மேனேஜர் சாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்லிவிட்டேன். "செப்டம்பர்ல திரும்பி வந்த சட்டைக்கு நம்பர் மாத்தி ஒட்டுனது நான் சார். ஹஃப்சா இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்." மெஷின் சத்தம் இல்லாத ஷெட்டில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்றார்.

"பயந்துட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. மத்தியானம் கூப்பிட்டு, இன்சார்ஜ் வேலையிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். இன்றிலிருந்து மறுபடி கஃப் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். நியாயம்தான். டீ நேரத்தில் செவந்தி தன் வடையில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுவேன்.

என்னை மன்னித்துவிடு. கோட்டுக்காகக் கேட்கவில்லை. நீ வராவிட்டாலும் கேட்பேன்.

வனிதா


கோட்டைப்பட்டினம்
2-1-2026

வனிதாக்கா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதல் பஸ், புதுக்கோட்டையில் மாறி பத்து மணிக்குள் வந்துவிடுவேன். உம்மா மீன் பொரித்துத் தருகிறார்கள், எல்லோருக்கும் போதும்.

குணசேகரன் அண்ணனிடமிருந்து கத்தரியை வாங்கி ஒளித்து வையுங்கள்.

ஹஃப்சா


கோட்டைப்பட்டினம்
19-1-2026

வனிதாக்கா,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்தாயிற்று, ஆனாலும் கடிதமே எழுதுங்கள். போனில் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள்.

மூன்று ஞாயிறு. எட்டு வருஷம் அந்த ஷெட்டில் வேலை செய்தும் இந்த மூன்று நாள் மாதிரி நான் சந்தோஷப்பட்டதில்லை. முதல் நாள் நீங்கள் எல்லோரும் என் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுச் சுற்றி நின்றீர்கள், நான் உட்கார்ந்து மிச்சமிருந்த நாற்பத்தெட்டுக் கையையும் வைத்துவிட்டுப் போவேன் என்று. நான் உட்கார மாட்டேன் என்றதும் செவந்தி முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அதற்காகத்தான் வந்தேன். இன்னொரு தடவை நான் இல்லாமல் போனாலும், நீங்கள் இல்லாமல் போனாலும், லைன் நாலு நிற்கக் கூடாது. அதனால்தான் ஞாயிறு வருகிறவர்கள் ஆளுக்கொரு கோட்டாவது முழுதாகத் தைத்தே தீர வேண்டும் என்று அடம் பிடித்தேன்.

திருப்பதி அண்ணன் வாழ்நாளில் முதல் தடவையாக மெஷினில் உட்கார்ந்தார். பெடலை மிதித்ததும் துணி ஓடிய வேகத்தில் "ஏ ஏ, புடிங்க புடிங்க" என்று கத்தினாரே! மிரண்டு ஓடும் மாட்டு வண்டி தோற்றது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அதே மனிதர் ஒரு கோட்டு முழுதாக முடித்துவிட்டுச் செவந்திக்குக் காலர் சொல்லிக்கொடுக்கிறார். குணசேகரன் அண்ணனால் தான் கை வைத்த பிள்ளை அளவுக் கோட்டைப் போட முடியாது, ஆனாலும் தோளில் போர்த்திக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கியபடி ஷெட்டை ஒரு சுற்று வந்தார். மேனேஜர் சார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை.

நமக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. நான் வந்து இறங்கியதும் நீங்கள் என் பையை வாங்கிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதும். பெரிய லைனுக்கு நடுவில் கஃப் மெஷினில் நீங்கள் குனிந்து உட்கார்ந்திருந்ததுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

25ஆம் தேதி என் தம்பி பாசித்துக்கு நிக்காஹ். மறுநாள் வீடு நிறைய விருந்தாளிகள். அணிவகுப்புக்கு வர முடியாது. ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

ஹஃப்சா


விராலிமலை
26-1-2026

ஹஃப்சா,

இப்போதுதான் வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டோம். பரிசு, போட்டி என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

காலை ஆறு மணிக்கே லைன் நாலு மொத்தமும் மைதானத்துக்குப் போய்விட்டது. செவந்தி ஊசி நூலோடு வந்திருந்தாள், எந்தப் பட்டனாவது தெறித்தால் ஓடிப்போய்த் தைக்க. போலீஸ் வந்தது, என்.சி.சி. வந்தது, பெரிய பெரிய பள்ளிகள் எல்லாம் வந்தன. அப்புறம் டிரம் சத்தம். கருநீலத்தில் முப்பது பிள்ளைகள், முன்னால் தாரணி. வெயில் நேராக அவர்கள் மேல்தான் விழுந்தது. மேடைக்கு நேராக வந்ததும் தாரணி கோலை வானத்துக்கு வீசினாள். எத்தனை உயரம் என்கிறாய்! கை முழுதாக நீண்டு, காதை ஒட்டி நின்றது. கோட்டு ஒரு இஞ்ச்கூட எழும்பவில்லை. கோல் சுழன்று இறங்கி அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பின்னால் இருபத்தொன்பது பேரும் ஒரே வீச்சில் கையைத் தூக்கி சல்யூட் வைத்தார்கள். மைதானம் முழுதும் எழுந்து கை தட்டியது.

குணசேகரன் அண்ணன் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்து உலுக்கி, "மூணாவது வரிசையில ரெண்டாவது பயலப் பாருங்க, அந்தக் கை நான் வச்சது! நான் வச்சது!" என்று கத்தினார். திருப்பதி அண்ணன் அழுதார். நாங்கள் எல்லோரும்தான் அழுதோம்.

முடிந்ததும் விக்ரம் சார் பிள்ளைகளை எங்களிடம் ஓட்டிக்கொண்டு வந்தார். முப்பது பேரும் எங்களுக்கு ஒரு சல்யூட் வைத்தார்கள். தாரணி மட்டும், "கோட்டைப்பட்டினத்து அக்கா எங்க?" என்றாள். கல்யாண வீட்டில் இருக்கிறாள் என்றேன். "அப்ப இத அவங்களுக்கு வச்சதா சொல்லிருங்க" என்று தனியாக இன்னொரு சல்யூட் வைத்தாள். சொல்லிவிட்டேன்.

என் அப்பாவும் வந்திருந்தார். அவரிடம் பொங்கலன்றே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து டீக்கடைப் பக்கம் போகாதவர், இன்று கூட்டத்தில் யாரிடமோ "எம்மக தச்ச கோட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு செய்தி. மேனேஜர் சார் குடும்பத்தோடு வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார். பழைய வேலைக்கு இல்லை. லைன் நாலுக்கு இன்சார்ஜாக. மூன்றே ஞாயிற்றில் எல்லோருக்கும் எல்லா வேலையும் சொல்லித்தந்த ஆளை விடக் கூடாதாம். உனக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உண்மையாகத்தான் எழுதுகிறேன். நீ மேஜையில், நான் கஃப் மெஷினில். நீ அதட்டினால் கேட்டுக்கொள்வேன். வந்துவிடு ஹஃப்சா.

வனிதா


கோட்டைப்பட்டினம்
29-1-2026

வனிதாக்கா,

உங்கள் கடிதத்தை நிக்காஹ் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். தாரணி சல்யூட் வைத்த இடத்தில் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தம்பி மனைவி மாஹிரா நாத்தனாரான என்னிடம், "எனக்கும் தைக்கச் சொல்லித் தாரீங்களா மச்சி?" என்று கேட்கிறாள்.

மேனேஜர் சார் நேற்று போன் செய்தார். இன்சார்ஜ் வேலை என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கேட்டு முடித்துவிட்டு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், எனக்குத் தைக்கச் சொல்லித் தரத் தெரியும். ஆனா தப்பு தன்னுதுன்னு நாப்பது பேர் முன்னால நின்னு சொல்ற தைரியம் இருக்கான்னு தெரியாது. அது இருக்கிற ஆளு ஒங்க லைன்ல ஏற்கனவே இருக்காங்க. வனிதாக்கா இன்சார்ஜா இருந்தா வாரேன். இல்லாட்டி எனக்கு இங்கிட்டே வேலை இருக்கு சார்."

அவர், "ரெண்டு பேரும் சேந்து என்னைய ஒரு வழி பண்ணிட்டீங்க" என்றார். சிரித்துக்கொண்டே சரியென்றும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை கஃப் மெஷினில் உட்காராதீர்கள். இன்சார்ஜ் மேஜையில் இருங்கள். எட்டு மணிக்கு வருகிறேன். என் வருகையை எழுதிக்கொள்ளுங்கள், பச்சை மையில்.

உங்கள் லைன் ஆள்
ஹஃப்சா